யார் வீட்டுப் பிடியரிசி

ரெம்ருவாத்தி திருடியாகிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. அது அவளுக்கே தெரியாது.

மிசோரத்தில் அவள் பிறந்த ஊரில் உலை வைக்கிற எந்தப் பெண்ணும் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடாமல் அரிசி களைய மாட்டாள். அந்தப் பிடி கடவுளுக்கு. வாரக் கடைசியில் கோயிலிலிருந்து ஆள் வந்து வாங்கிப் போவார்கள். அங்கே இதற்கு யாரும் யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. மூச்சு விடுவதற்கு உத்தரவு கேட்பார்களா?

அந்தக் கையோடுதான் அவள் சிங்கப்பூருக்கு வந்தாள். ஹவ்காங்கில் ஒன்பதாவது மாடி வீடு. சியூ கிம் மேடம், விளக்குக் கடை வைத்திருந்த அவள் புருஷன், பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன மாமனார், பள்ளிக்கூடம் போகிற மகள். மாமனாரைப் பார்த்துக்கொள்ளவும் சமைக்கவும் ரெம்ருவாத்தி. வந்த முதல் நாளே ஐந்து பேருக்கு அரிசி அளந்தாள், ஒரு பிடி எடுத்தாள், பழைய பிஸ்கட் டின்னில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் மிசோக்காரர்களின் கிறிஸ்தவ சபைக்குப் போகும்போது அதைத் துணிப்பையில் கட்டிக்கொண்டு போனாள். வேலை போய், ஏஜென்சி விடுதியில் அடுத்த வீடு எப்போது கிடைக்கும் என்று காத்துக் கிடக்கிற பெண்களுக்குச் சபையில் அந்த அரிசியைத்தான் பொங்கிப் போடுவார்கள்.

ஒருநாள் மாமனார் கிண்ணத்தில் சோறு குறைந்தது. மறுநாளிலிருந்து ஒரு பிடி கூட்டி அளந்தாள். அப்போதாவது மனசு உறுத்தியிருக்க வேண்டும். அதுதான் இல்லை. கடவுள் காரியம் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு, மற்றவர்களுக்கு உறுத்துகிறது அவர்களுக்கு உறுத்தாது. அவளோ தினமும் காலையில் முழங்காலிட்டு, "இந்த வீட்டாருக்கு உம்மைத் தெரியாது, இவர்கள் கண்களைத் திறந்தருளும்" என்று வேறு ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

விளக்குக் கடை படுத்தது அந்த வருஷம்தான். சாமான் தேங்கியது, ஒரு கடைப் பையனை நிறுத்தினார்கள், சார் ராத்திரிச் சாப்பாட்டில் பேசுவதை நிறுத்தினார். மேடம் வீட்டில் என்ன கோளாறு என்று தேட ஆரம்பித்தாள். தேடினவள் கண்ணில் அரிசி டிரம் பட்டது.

சீனர் வீட்டில் அரிசி டிரம் என்பது அரிசி வைக்கிற இடம் மட்டுமல்ல. அது குறையக்கூடாது, அடி தெரியவே கூடாது. புதுவருஷத்தன்று மேடம் தன் கையால் சிவப்பு உறை ஒன்றை அரிசிக்குள் புதைத்து வைப்பாள். அதில் இருப்பது வீட்டின் அதிர்ஷ்டம். அது மாதாமாதம் மூன்று, மூன்றரைக் கிலோ கூடுதலாகக் காலியாகிறது என்றால் என்ன அர்த்தம்?

மேடத்துக்கு அர்த்தம் பளிச்சென்று கிடைத்துவிட்டது. சாரின் தங்கை ஜூ எங், சனிக்கிழமை தவறாமல் அப்பாவைப் பார்க்க வருவாள். வரும்போது ஒரு பை, போகும்போது ஒரு பை. கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டு அரிசியை அள்ளிக்கொண்டு போனால் அந்த வீட்டு யோகம் கூடவே போகாதா? நாத்தனார் மேல் மேடத்துக்கு இருபது வருஷத்துப் புகைச்சல். அது பற்றிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது.

"பைய தொற பாக்கலாம்" என்றாள் மேடம், ஒரு சனிக்கிழமை வாசலில் வைத்து.

"என்ன அண்ணி, ஏர்போர்ட்டா இது?"

"அரிசி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியணும்."

ஜூ எங் பையைத் தரையில் கவிழ்த்தாள். அப்பாவின் அழுக்குச் சட்டை இரண்டு, குடை, காலி டிபன் பாக்ஸ். "இன்னைக்கு மாட்டலைன்னா என்னைக்குமே எடுக்கலைன்னு ஆயிடுமா?" என்றாள் மேடம். ஜூ எங் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் டிவியைப் பார்த்தார். அவள் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு போனவள்தான்.

அடுக்களையில் நின்றிருந்த ரெம்ருவாத்தி ஒரு சொல் விடாமல் கேட்டாள். கையில் பிஸ்கட் டின் இருந்தது. அதுவரை அதில் கடவுளின் அரிசியைத்தான் பார்த்திருந்தாள். முதல் தடவையாக மேடத்தின் அரிசி தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை ஜூ எங் வரவில்லை. மாமனார் காலையிலிருந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சி ஊட்டினால் வாயைத் திறக்கவில்லை. "ஆ எங்?" என்று மகளைக் கேட்டு இடது கையால் கதவைக் காட்டினார். "வருவாங்க தாத்தா" என்று சொல்லிவிட்டு ரெம்ருவாத்தி குளியலறைக்குள் போய் அழுதாள்.

ஞாயிறன்று சபையில் அரிசி வாங்கி வைக்கிற ஸோவி அக்காவிடம் சொன்னாள். ஸோவி அக்கா சிங்கப்பூரில் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டினவள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி, எங்ககிட்ட கேட்டிருக்கக் கூடாதா? நாங்கல்லாம் எங்க காசுல வாங்கித்தான் கொண்டாறோம்!"

"அம்மா இப்படித்தான் எடுப்பாங்க..."

"அது உங்க அம்மா வீட்டு அரிசிடீ. இங்க போலீஸ்ல சொன்னா உள்ள வச்சிருவாங்க. அப்பறம் ஊருக்கு ஒரே டிக்கெட், திரும்பி வரவே முடியாது. வாயத் தொறக்காத. இன்னையோட எடுக்கறத நிறுத்திடு, கடவுள் மன்னிப்பார்."

"கடவுள் மன்னிப்பார்க்கா. ஜூ எங் பேரு?"

ஸோவி அக்கா அரிசிப் பைகளை அடுக்கப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மேடம் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரெம்ருவாத்தி டின்னைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை, ஒரு பிடி கூட்டி அளந்ததையும் சொன்னாள்.

திட்டுவாள், போனை எடுப்பாள் என்று ரெம்ருவாத்தி காத்து நின்றாள். மேடம் எழுந்துபோய் அடுக்களைக் கதவைச் சாத்தினாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"சபையில ஒரு அக்காவுக்கு. இந்த வீட்ல யாருக்கும் தெரியாது."

"தெரியவும் வேண்டாம்." மேடத்தின் குரல் இதமாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. "நீ சின்னப் பொண்ணு, தெரியாமப் பண்ணிட்ட. நான் போலீசுக்கும் போகல, ஏஜென்சிக்கும் சொல்லல. உனக்கு அரிசிதானே வேணும்? மாசம் பத்துக் கிலோ மூட்டை நானே வாங்கித் தரேன், உங்க கோயிலுக்குக் கொண்டு போ. உங்க சாமியும் நல்லா இருக்கட்டும். ஜூ எங் சமாச்சாரம் எங்க குடும்ப சமாச்சாரம். அதுல நீ தலையிடாத."

ரெம்ருவாத்தி தலையாட்டினாள். ஆமாம், ஆட்டினாள். ஊரில் தம்பியின் படிப்பு, ஒழுகுகிற கூரை, எல்லாம் அந்த ஒரு தலையாட்டலில் இருந்தன. அன்று ராத்திரி கடவுளுக்கு நன்றி கூடச் சொன்னாள்.

சனிக்கிழமையும் மாமனார் கதவைப் பார்த்தார். மேடம் சொன்ன சொல் தவறவில்லை, வாசலில் பத்துக் கிலோ தாய்லாந்து அரிசி மூட்டை வந்து இறங்கியிருந்தது.

ஞாயிறு அதை அவள் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு சபைக்குப் போனாள். ஸோவி அக்கா வாயைப் பிளந்தாள். ஆராதனை முடிவில் போதகர் அதைக் கவனித்துவிட்டார். "தன் குறைச்சலிலிருந்து இவ்வளவு கொடுத்திருக்கிற நம் சகோதரி ரெம்ருவாத்திக்காக" என்று கண்ணை மூடி ஜெபித்தார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பின்வரிசையில் ஏஜென்சி விடுதிப் பெண்கள் இருவர் திரும்பிப் பார்த்துக் கண் கலங்கினார்கள்.

அவளால் அந்த ஆமெனைச் சொல்ல முடியவில்லை. கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்ததும் நேரே போய் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தாள்.

"ஏய், எங்க தூக்கிட்டுப் போற?" என்று ஸோவி அக்கா ஓடி வந்தாள். "கடவுளுக்குக் குடுத்தத எவளாவது திரும்ப எடுப்பாளா? பைத்தியமா உனக்கு?"

"கடவுளுக்கு யாரும் குடுக்கலக்கா. என் வாய அடைக்கக் குடுத்தது."

"வேலை போயிடும்டீ!"

"தெரியும்."

தெரிந்துதான் இருந்தது. தோள் வலித்தது, வழியெல்லாம் தம்பியின் முகம் கண்ணில் நின்றது. வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை அவளுக்கு. திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு ஸ்டேஷனில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். தோ பாயோவில் இறங்கி ஜூ எங் வீட்டு மணியை அடித்துவிட்டுத்தான் நின்றாள்.

கதவைத் திறந்த ஜூ எங் மூட்டையைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள்.

"அண்ணி குடுத்தனுப்பினாளா? எனக்கு அரிசிப் பிச்சை போடறாளா? வீடு தேடி வந்து குத்திக் காட்டணுமா?"

"இல்ல மேடம். உங்க அண்ணன் வீட்டு அரிசிய எடுத்தது நான். பதினாலு மாசமா எடுத்தேன். நீங்க ஒரு மணி கூட எடுக்கலைன்னு சொல்லத்தான் வந்தேன்."

ஜூ எங் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முழுசாகக் கேட்டாள். பிறகு உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். "ஏறு டாக்சில. மூட்டையும் வரட்டும்."

ஹவ்காங் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். மூட்டையை நடுக்கூடத்தில் இறக்கிவிட்டு ரெம்ருவாத்தி சார் முன்னால் மறுபடி ஆதியோடு அந்தமாகத் தன் திருட்டைச் சொன்னாள். சார் அவளைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார். டிவியைப் பார்க்க வழியில்லை, அதை ஜூ எங் அணைத்திருந்தாள்.

"அது சரி" என்றாள் ஜூ எங். "இந்தப் பத்துக் கிலோ எங்கிருந்து வந்துச்சு? அண்ணி, உனக்கு இது எப்பத் தெரியும்?"

மேடம் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சார் ரெம்ருவாத்தி பக்கம் திரும்பினார். "மேடத்துக்கு முன்னாடியே தெரியுமா? சொல்லு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் தப்பைச் சொல்லத்தான் ஆயத்தப்பட்டு வந்திருந்தாள். பொய் சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால் இருபது வருஷக் குடித்தனத்தில் தன் கையால் கல்லெறிந்த மாதிரி.

"என் தப்ப நான் சொல்லிட்டேன் சார். மத்தது எதையும் என்கிட்ட கேக்காதீங்க. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லித்தான் ஆகணும்" என்றாள் ஜூ எங்.

யாரும் அசையவில்லை. மாமனார் மட்டும் சக்கர நாற்காலியிலிருந்து இடது கையை மகள் பக்கம் நீட்டிக்கொண்டேயிருந்தார். மேடம் அந்தக் கையைப் பார்த்தாள்.

"அவள விடு" என்றாள். "திங்கக்கிழமையே வந்து சொல்லிட்டா. நான்தான் மூட்டை வாங்கிக் குடுத்து வாய மூடச் சொன்னேன். நீ எடுக்கலைன்னு தெரிஞ்சும் ஒரு வாரம் உன்ன திருடியாவே வச்சிருந்தேன். ஏன்னு கேக்காத. எனக்கே வெக்கமா இருக்கு."

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்த ஜூ எங்குக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ரெம்ருவாத்திக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் கடவுளுக்கு முன்னால் நிற்கிறவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இவர்கள் கண்களைத் திறந்தருளும் என்று தினமும் காலையில் ஜெபித்தாளே, அந்தக் கர்வம் இப்போதுதான் உறைத்தது. உண்மையை முழுசாகச் சொல்ல அவளுக்கு இரண்டு ஞாயிறு பிடித்தது. மேடத்துக்கு ஒரு கையைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

ஆனாலும் மேடம் அவளை வைத்துக்கொள்ளவில்லை.

"கோவம் இல்ல" என்றாள் மறுநாள். "உன் முகத்தப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். வேற வீடு நானே பாத்துத் தரேன், ஊருக்கு அனுப்ப மாட்டேன்."

சொன்னபடி அவள் கண் முன்னாலேயே போன் செய்தாள். செராங்கூனில் ஒரு வீட்டுக்காரிக்கு ஆள் தேவைப்பட்டது. சமைப்பாளா, பெரியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டுவாளா என்று அவள் கேட்டதற்கெல்லாம் மேடம் ஆமாம் ஆமாம் என்றாள். கடைசியில், அவளிடம் ஏதாவது குறை உண்டா, ஏன் விடுகிறீர்கள் என்று அந்தப் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டும்.

மேடம் போனைக் காதில் வைத்தபடி ரெம்ருவாத்தியைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லிடுவா" என்றாள். "உங்க வீடு தாங்குமான்னு யோசிச்சுட்டு எடுத்துக்குங்க."