ஆறின் வால்

“அம்மா, மணக்குது மணக்குதுன்னு எல்லாரும் சும்மா பொய்தானே சொல்றீங்க?”

சோஃபியா இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. மாதாவுக்குச் சாத்திய மல்லிகை மாலையை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சிந்தியா சிரித்தாள், மறந்தும் போனாள். மறந்தது எத்தனை பெரிய பிழை என்று தெரிய எட்டு வருடம் ஆயிற்று. போன வருடம் ஒரு மாலை வேலை முடிந்து நீலசந்திராப் பகுதியிலுள்ள தன் வீட்டுக் கதவைத் திறந்தால் வீடெல்லாம் கேஸ் நாற்றம். அதன் நடுவில் உட்கார்ந்து மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்த கையோடு சிந்தியா அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்துவிட்டாள். “எனக்குத் தெரியலம்மா, நெஜமா தெரியல” என்று பிள்ளை விம்மியதை அவளால் நம்ப முடியவில்லை.

மறுநாள், தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவும்போது கண்ணீர் நிற்கவில்லை. மல்லேஸ்வரத்திலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி சுப்ரியா, விஷயத்தைக் கேட்டதும் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அக்கா, அவ பொய் சொல்லலை. மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு வழி தவறியிருக்கலாம். நான் மூணு வருஷமா பார்க்கறதே அந்த வழியைத்தான்.”

கருவில் வளரும் நரம்பின் நுனி, கண் தெரியாதவர் கோல் போலத் தடவித் தடவித்தான் போகுமாம். வழியில் செமாஃபோரின் என்ற புரதம் நின்று ‘இந்தப் பக்கம் வராதே’ என்று திருப்பிவிடுமாம். அதைக் கேட்கும் காது நரம்பின் நுனியில் இருக்கிறது. அதன் பெயர் பிளெக்சின். சொல்ல ஆள் இல்லாவிட்டாலும், கேட்கக் காது இல்லாவிட்டாலும், நரம்பு போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது.

“பழைய ரயில் சிக்னல் கம்பத்துக்கு செமாஃபோர்னு பேரு. அதுலேர்ந்து வந்தது.”

“எங்கப்பா கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல பாயின்ட்ஸ்மேன், மேடம். அதை கைகாட்டின்னுவாரு.”

“கைகாட்டி! நான் சொன்ன பேரைவிட இது நன்னாயிருக்கே!”

அதோடு விடவில்லை சுப்ரியா. வேலையைப் போட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரி வரிசையில் தாயோடும் மகளோடும் உட்கார்ந்திருந்தாள். வாசனை இனி வராது என்றார் டாக்டர். ஆனால் இந்தக் கோளாறோடு சேர்ந்து வரும் பருவ வளர்ச்சிக் குறைக்கு மருந்து உண்டு, சரியான வயதில் வந்திருக்கிறீர்கள் என்றார். திரும்பும் பஸ்ஸில் சுப்ரியா சோஃபியாவிடம், “நீ ஒரு நாளும் பொய் சொன்னதே இல்ல, தெரியுமா?” என்றாள். பிள்ளை அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. சிந்தியா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆண்டவரே, இந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன் என்று அன்று நினைத்தாள்.

அந்த சுப்ரியா இப்போது மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. கோழிக் கருவின் நரம்புகளைத் தட்டில் வளர்த்து, மூன்றாம் நம்பர் டப்பாவிலுள்ள செமாஃபோரினை விட்டால் நுனிகள் சுருங்கித் திரும்ப வேண்டும். இதுவரை திரும்பின. இப்போது காது கேளாதவை போல நேரே போய்க்கொண்டிருந்தன. “திங்கட்கிழமை கைடு சார்கிட்ட, என் நாலு வருஷமும் தப்புன்னு சொல்லிடப்போறேன்க்கா” என்றாள்.

சனிக்கிழமை மாலை அடுகோடி சிக்னலில் பஸ் நின்றது. முன்னால் ஓர் ஆட்டோ. அதன் நம்பர் கன்னடத்தில். மூன்று என்று வாசித்தாள் சிந்தியா. பஸ் நெருங்கியதும் பார்த்தால் ஆறு! கன்னடத்தில் மூன்றும் ஆறும் இரட்டைப் பிள்ளைகள். ஆறின் வால் மட்டும் கீழே வேறு பக்கம் சுழியும். சட்டென்று அவளுக்கு ஃப்ரீசர் டப்பாக்கள் நினைவுக்கு வந்தன.

போன மாதம் ஃப்ரீசர் கெட்டு, டப்பாக்களை அவசரமாக வேறொன்றுக்கு மாற்றினார்கள். பனியில் அழிந்த எண்களை ஸ்டோர் முனிகிருஷ்ணன்தான் மூடிமேல் புதிதாக எழுதினார். “நம்ம ஊரு, நம்ம நம்பர், அஷ்டே, அவ்வளவுதான்!” என்று சொல்லி, கன்னட எண்களில். ஆறாம் டப்பாவில் இருப்பதும் அதே புரதம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சூடேற்றிச் செயலிழக்க வைத்தது. சுப்ரியா கன்னடம் தண்ணீராய்ப் பேசுவாள். எண்கள்தான் பழக்கமில்லை.

ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் சிந்தியா ஆய்வுக்கூடம் போனாள். முன்வரிசையில், சுப்ரியா தினம் எடுக்கும் டப்பாவின் அடியைப் பார்த்தாள். பழைய ஆங்கில ஆறு அழியாமல் இருந்தது. வாயால் சொல்லலாம்தான். சொன்னால் எழுதியவர் தப்பா, வாசித்தவள் தப்பா என்று பேச்சு கிளம்பும். முனிகிருஷ்ணனுக்கு ஓய்வுபெற ஒரு வருடம்தான் பாக்கி. உண்மை போய்ச் சேர்ந்தால் போதாதா? யார் கையால் சேர்ந்தது என்பது ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும். ‘இது 6. அடியில் பார்க்கவும்’ என்று ஆங்கிலத்தில் அச்சுப்போல எழுதி மூடியில் ஒட்டினாள்.

திங்கட்கிழமை சுப்ரியா சாரிடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமை மைக்ராஸ்கோப் அறையிலிருந்து ஒரு கூவல்.

“அக்கா! திரும்பிடுத்து! எல்லாம் திரும்பிடுத்து!”

சிந்தியாவையும் இழுத்து உட்காரவைத்துக் காட்டினாள். நூல் நூலாய் வந்த நரம்புகள், சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளைகள் போல நுனி சுருங்கி விலகியிருந்தன.

“சீட்டு ஒட்டினது நீங்கதானே, அங்கிள்?”

கூவல் கேட்டு வந்திருந்த முனிகிருஷ்ணன் தலையைச் சொறிந்தார். “நானா? இருக்கும், இருக்கும். என் நம்பர்ல தப்பு இல்லம்மா. நீ மொதல்ல ஒண்ணு ரெண்டு கத்துக்கோ, டாக்டர் பட்டம் ஆமேலே, அப்புறமா வாங்கலாம்!”

சிரித்துச் சிரித்து சுப்ரியாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எல்லோரையும் மைசூர்பாகு வாங்கித் தர கேன்டீனுக்கு அழைத்துப்போனாள். “தட்டைக் கழுவிட்டு வந்துடறேன் மேடம்” என்று சிந்தியா நின்றுகொண்டாள்.

அறை காலியானதும் கையுறை போட்டு அந்த டப்பாவை எடுத்தாள். சீட்டை உரித்துவிட்டு, அந்த இடத்தில் கம்ப்யூட்டரில் அச்சடித்த எண்ணை ஒட்டி ஃப்ரீசருக்குள் வைத்தாள். சீட்டைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்தாள். அவள் கையெழுத்து நீலமாகக் கரைந்து, ஒரு சுழி சுழித்து, வால்போல நீண்டு உள்ளே போயிற்று. தண்ணீர் தெளிந்ததும் குழாயை மூடினாள்.