முழங்காலுக்குப் பின்னால்

மாவுக்கட்டைப் பிரித்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் மெழுகு போல வெளுத்திருந்தது. தொட்டால் சில்லென்றது.

சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் மூட்டு விலகிய பெயிண்டர் முந்தின நாள் மாலையே வந்து சேர்ந்திருந்தார். மூட்டை இழுத்துப் பொருத்திக் கட்டுப் போட்டவன் எலும்பு டாக்டர், அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். ரத்தக் குழாய்களைத் தைக்கிற டாக்டரான அவளுக்கு விடிந்த பிறகுதான் ஆள் வந்தது. அதுவும் நர்ஸ் பிடிவாதம் பிடித்ததால்.

"பாதத்துல நாடி பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா? நல்லாத் துடிச்சுது."

"எந்த விரல வச்சுப் பாத்த?"

அண்ணன் யோசிக்காமல் கட்டைவிரலை நீட்டினான்.

"அது உன் விரல்ல ஓடுற நாடி. முதல் வருஷப் பசங்ககூட இப்படிப் பாக்க மாட்டாங்க."

"சரிங்க வாத்தியாரம்மா. அப்புறம் திட்டு, இப்ப காலப் பாரு."

முழங்காலுக்குப் பின்னால் தமனி கிழிந்து, ரத்தக்கட்டி அடைத்திருந்தது. கெட்டுப்போன துண்டை வெட்டி எடுத்தாள். மற்றக் காலிலிருந்து எடுத்த சிரையை, அதன் வால்வுகள் ஓட்டத்தை மறிக்காதபடி தலைகீழாகத் திருப்பி இடையில் வைத்துத் தைத்தாள். ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கவ்விகளை விட்டதும் பாதம் மெல்லச் சிவந்தது.

அண்ணன் பெருமூச்சு விட்டான். அவள் விடவில்லை. உள்வீக்கம் நெரிக்காமலிருக்க முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கீறித் திறந்தாள். முன்பக்கத் தசை சாம்பல் பூத்துக் கிடந்தது. இடுக்கியால் கிள்ளினாள். துள்ளவில்லை. இன்னொரு இடத்தில் கிள்ளினாள். நடக்கும்போது பாதத்தைத் தூக்குகிற தசை அது. ராத்திரி முழுக்க ரத்தமில்லாமல் செத்திருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிக் கிண்ணத்தில் போட்டாள்.

வெளியே பெயிண்டரின் மனைவி நின்றிருந்தாள். அண்ணன் முந்திக்கொண்டான்.

"கால் தப்பிச்சிருச்சும்மா."

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும் சார். மறுபடி சாரம் ஏறிடுவாருல்ல?"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று நழுவப் போனவனின் சட்டைக் கையைத் தங்கை பிடித்தாள்.

"மழுப்பாத. சொல்லு."

"வீட்ல பேசிக்கலாம்."

"அம்மாகிட்டப் போய் முறையிட இது நம்ம வீட்டுச் சண்டையா? இவங்ககிட்ட சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தான்.

"ஏற முடியாதுங்க" என்றாள் அவள். "பாதம் தூக்காது, தொங்கும். ரத்தம் போகலங்கறத நேத்து எங்கண்ணன் கவனிக்கல. அப்பவே என்னக் கூப்பிட்டிருந்தா, ஏறுறதுக்கு வழி இருந்திருக்கும்."

குவிந்த கைகள் பிரிந்தன. பெயிண்டரின் மனைவி அவளைப் பார்க்கவே இல்லை.

"தெரிஞ்சேவா சார் என்னக் கும்பிட விட்டீங்க?"

அண்ணன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான், ஏதாவது எடுத்துக்கொடுப்பாள் என்பது போல. அவள் பிடித்த சட்டைக் கையை விடவில்லை.