வெட்டிய புல் போன இடம்

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து வந்தது. பூங்காவில் ஒருவர் இயந்திரத்தால் புல் வெட்டி, ஒரு துணுக்கு விடாமல் பையில் திணித்துக்கொண்டிருந்தார். இதையெல்லாம் எங்கே கொண்டுபோகிறார் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடம் யோசிக்காமல் விட்ட ஒரு பெண் என் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

அலுவலகத்தில் அவளை மண்காரி என்பார்கள். மண்ணில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பது அவள் வேலை.

2

"மழை ஓய்ந்த ஒரு மாலையில் மண்காரி..." வேண்டாம். மழை வந்தால் கதை சொதசொதவென்று ஆகிவிடும்.

"சரிவில் ஆடு மேய்ந்தால் மண் கெடுமா?" இது பரவாயில்லை. கேட்டது அவளுடைய அலுவலகம். அந்தச் சரிவில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தது அவளுடைய தம்பி.

தம்பிக்குச் சலுகை காட்டினாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று அவள் இரண்டு மடங்கு கறாராக இருந்தாள். மேய்கிற ஆட்டை நிறுத்தி, எவ்வளவு தின்றாய் என்று கேட்க முடியாது. அதனால் சரிவில் ஒரு துண்டுக்கு வேலி போட்டு, ஆடு கடிக்கும் உயரத்துக்கு இயந்திரத்தால் புல்லை வெட்டினாள். வெட்டியதை அள்ளி, உலர்த்தி, எடை போட்டு, குப்பையில் கொட்டினாள். வருடத்துக்கு வருடம் மண்ணில் சத்து இறங்கியது. மேய்ச்சல் மண்ணைக் கெடுக்கிறது என்று முடிவு சொன்னாள்.

[ஆட்டின் வாயை அவ்வளவு துல்லியமாகச் செய்து வைத்தவள் அதன் பின்பக்கத்தை மறந்துவிட்டாள். எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த பகுதியை எழுதிய பிறகு வரவில்லை.]

3

தம்பி விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அக்காவிடம் கத்தினான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மந்தையை இறைச்சிக்கடைக்காரரிடம் விற்றுவிட்டு, பார்சல் கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டப் போய்விட்டான்.

சில வருடங்கள் கழித்து, சரிவு இந்நேரம் தேறியிருக்கும் என்று ஆசையோடு பார்க்கப் போனாள் மண்காரி. இடுப்புயரத்துக்கு முரட்டுப் புல். அடியில் மட்காத சருகு மெத்தை போலக் கிடந்தது. சத்தெல்லாம் அந்தச் சருகுக்குள் பூட்டிக் கிடக்க, மண் முன்பைவிட இளைத்திருந்தது. தின்றதில் பெரும்பங்கைப் புழுக்கையாகவும் மூத்திரமாகவும் ஆடு அங்கேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

(எல்லா நிலமும் இப்படியில்லை. சில இடங்களில் விலங்குகள் சத்தான செடிகளாகப் பொறுக்கித் தின்று மண்ணை இளைக்க வைப்பதும் உண்டு. இது அப்படிப்பட்ட நிலமாக இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். நானும்தான்.)

4

தம்பி கதவைத் திறந்தான். விரல்களில் டேப் பசை.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம?"

"சரிவுக்குப் போயிருந்தேன்டா."

"இப்ப தேறியிருக்குமே."

"இல்ல. இன்னும் மோசமாயிருக்கு. உன் ஆடுங்க ஒண்ணும் கெடுக்கலடா. வெட்டின புல்ல நான் வெளிய கொட்டிட்டே இருந்தேன். அதுங்க அங்கேயே திருப்பிப் போட்டுட்டு இருந்துச்சுங்க. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவன் விரல் பசையைக் கதவில் தேய்த்தான்.

"நாமதானே கெடுத்தோம்னு அந்த ரோட்டுப் பக்கம்கூட நான் போறதில்லக்கா."

"தெரியும்டா."

"காது கிழிஞ்ச ஆடு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? கறிக்கடை வண்டியில ஏறமாட்டேன்னு நின்னுடுச்சு. நான்தான் தூக்கி ஏத்துனேன். எதுக்குக்கா ஏத்துனேன்?"

5

இங்கே மண்காரி பதில் சொல்ல வேண்டும்.

"மறுபடி வாங்கிக்கலாம்டா" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். ஒரே வரியில் சரிவு முழுக்க என்னால் ஆடுகளை நிறுத்திவிட முடியும். அதில் காது கிழிந்தது இருக்காது.

"மன்னிச்சிடு" என்று எழுதினேன். அவன் உடனே மன்னித்துவிடுவான். அதனாலேயே அதையும் அடித்தேன்.

"அது வந்து..." இது மட்டும் மிச்சம். இதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவள் சார்பில் சொல்லிவிடுங்கள். உள்ளே வா என்று கூப்பிடக்கூட மறந்து, அவன் கதவைப் பிடித்தபடி நிற்கிறான்.