சத்தம் வைத்துக் கேட்காத சம்மதம்

தொண்டையில் ஆபரேஷன் கத்தி வைத்த பிறகு என் அண்ணன் பேசி நான் கேட்டதே இல்லை. மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவன் அவன். தக்காளிப் பெட்டிகள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி ஒரு குரல் கொடுத்தால், கடைசி வரிசையில் தூங்கி வழிகிற வியாபாரிகூட எழுந்து உட்கார்ந்து விலை சொல்வார். அந்தக் குரலைத்தான் டாக்டர்கள் வேரோடு எடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் தலையாட்டினான். அதற்கப்புறம் சந்தைப் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். கதவைத் திறந்தவன் அண்ணன். கையில் போன். குனிந்து என்னமோ தட்டினான்.

"ஏய் சில்லறை! வாசல்ல நின்னு என்ன முழிக்கிற? உள்ள வா, ஏலம் ஆரம்பிக்கப் போவுது."

அவன் குரல். அதே கரகரப்பு, கடைசி வார்த்தையை இழுத்து விடுகிற அதே தோரணை. சின்ன வயதில் ஓயாமல் கலகலவென்று பேசுவேன் என்று அவன் எனக்கு வைத்த பெயர் சில்லறை. அந்தப் பெயரை வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். வாங்கி வந்த பழங்களைத் தரையிலேயே போட்டுவிட்டு நின்ற இடத்தில் ஓவென்று அழுதேன்.

"அழுகைய நிறுத்து. ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணாந் தரம் சொன்னேன்னா உன்னையே வித்துருவேன்" என்றது போன். அண்ணன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.

எல்லாம் அண்ணியின் வேலை. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் அவர். வியாபாரிகள் எடுத்து வைத்திருந்த பழைய ஏல வீடியோக்களைத் தேடித் தேடி வாங்கி, கூட வேலை பார்க்கிற ஒருவரோடு சேர்ந்து ஒரு செயலி செய்திருக்கிறார். இவன் தட்டினால் இவன் குரலிலேயே அது பேசும். சரியாக வரும்வரைக்கும் மூச்சு விடவில்லை, கெட்டிக்காரி.

"ஏன் அண்ணி எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"சொன்னா ஊருக்கே சொல்லிடுவ" என்றார் அண்ணி. பிறகு முகம் மாறியது. "சந்தோஷப்படறதுக்கும் ஒண்ணுமில்ல. இது சோதனைப் பதிப்பு. புதன்கிழமையோட நின்னுடும். கடையில ஏத்தினாத்தான் நிலைக்கும். அந்தப் படுபாவிங்க வேணாம்னு தள்ளிட்டாங்க."

கடை என்றால் செயலிக் கடை. இந்த போனுக்குள் எது நுழைய வேண்டுமானாலும் அந்தக் கம்பெனியின் கடை வழியாகத்தான் நுழைய வேண்டும். வேறு வாசல் கிடையாது. அந்த வாசலில் உட்கார்ந்து இது போகலாம், அது கூடாது என்று சொல்லச் சில நூறு பேர் இருக்கிறார்கள்.

அதில் ஒருத்தி நான். வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலையை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் நான் ஏதோ போன் கம்பெனியில் புகார் கேட்கிற பிரிவில் இருப்பதாகத்தான் வீட்டில் நினைப்பு.

"என்ன எழுதியிருக்கான் தெரியுமா? கேளு" என்று அண்ணி தன் போனை எடுத்து வாசித்தார். "செயலியில் பயன்படுத்தப்படும் குரலுக்கு உரியவரின் சம்மதம் காணப்படவில்லை. ஆகவே அனுமதிக்க இயலாது. ஒருவரின் குரல் அவருடைய உயிரில் பாதி. அதைக் காப்பது நம் எல்லோருடைய கடமை."

பிசைந்த சோற்றை அப்படியே தட்டில் விட்டேன். முதல் இரண்டு வரிகள் கம்பெனி எழுதித் தந்த தயார் வாசகம், அதை யாரும் அனுப்பலாம். கடைசி வரி என்னுடையது. மொட்டையாக மறுக்கிறோமே என்று, மனிதத்தன்மையோடு இருக்கட்டுமே என்று, நானே யோசித்துச் சேர்த்துக்கொள்கிற வரி. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

"உயிர்ல பாதியாம்! எங்க வச்சுக் காப்பாங்களாம்? குளிர்பதனப் பெட்டியிலயா?" என்றது அண்ணனின் குரல். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ, என் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

"சம்மதம் காணலையாம்" என்று அண்ணி விடவில்லை. "திறந்தவுடனே முதல் பக்கமே அதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் இவரே தன் வாயால சொன்னது. அமுக்கினாப் பேசும். அங்க உக்காந்திருக்கறதுங்களுக்குக் காது என்ன அவிஞ்சா போச்சு?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. 

எங்கள் ஆபீஸ் கூடத்தில் மேசைக்கு மேசை போன்கள். ஒவ்வொன்றும் ஒரு விளையாட்டைப் பாடத் தொடங்கினால் பைத்தியம்தான் பிடிக்கும். அதனால் காலையில் வந்ததும் முதல் வேலை, எல்லாப் போன்களின் சத்தத்தையும் அணைப்பது. வாயைக் கட்டியாச்சா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். விளையாட்டு, கணக்கு, வரைபடம் எல்லாவற்றையும் அப்படியே பார்ப்போம். போன வாரம் ஒரு குரல் செயலியையும் அப்படியே பார்த்தேன். முதல் பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினேன். அலை போல ஒரு கோடு ஆடியது. அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு, சம்மதம் இல்லை என்று போட்டுத் தள்ளினேன். செய்தவர் பெயராக ஏதோ நிறுவனப் பெயர் இருந்தது. அண்ணியோடு வேலை பார்ப்பவருடையதாம்.

சம்மதம் வேண்டும் என்பது கெட்ட விதி இல்லை. செத்துப்போனவர் குரலில் பணம் கேட்டு ஏமாற்றியவன் உண்டு, பெண்களின் குரலைத் திருடி ஆபாசம் பேச வைத்தவன் உண்டு. அதற்காக வைத்த விதி. அதை நான் காதைப் பொத்திக்கொண்டு காவல் காத்திருக்கிறேன்.

அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். "அண்ணி, அந்தப் படுபாவி நான்தான்" என்று. சொல்லவில்லை. "மேல்முறையீடு பண்ணுங்க அண்ணி, கண்டிப்பா கிடைக்கும்" என்றேன், பெரிய மகராசி மாதிரி. நாளைக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நப்பாசை. அண்ணி அப்போதே அனுப்பினார். புதன்கிழமைக்குள் நடக்க வேண்டுமே என்று மட்டும் அண்ணன் தட்டினான்.

மறுநாள் காலை மேலாளர் அறைக்குப் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு.

"சார், போன வாரம் நான் தள்ளினது ஒண்ணு மேல்முறையீட்டுக்கு வந்திருக்கு. நான் சத்தம் வைக்காமப் பாத்துட்டேன். தப்பு என்னோடது. திரும்பப் பாக்கணும்."

"சத்தம் வச்சு இங்க யாரும்மா பாக்கறா?" பூட்டு கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இப்படி எழுதிக் குடுத்தா, இதுவரைக்கும் தள்ளின குரல் செயலி அத்தனையும் தோண்டி எடுக்கணும். அதுவும் எப்ப? அடுத்த மாசம் நம்ம கம்பெனியே இதே மாதிரி ஒண்ண போனோடவே வச்சு விடப்போற நேரத்துல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நம்மளோடதுல சம்மதம் எங்க சார் கேக்கறாங்க?"

"செட்டிங்ஸ்ல எங்கயோ உள்ள இருக்கும். டிக் போட்டேதான் வரும், வேணாம்னா எடுத்துக்கலாம்."

"அத யாரு சார் பரிசோதிச்சது?"

"அது இந்த வாசல் வழியா வராதும்மா. வீட்டுக்காரன் எதுக்கு அழைப்பு மணி அடிக்கணும்?" தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கணினியைப் பக்கம் இழுத்தார். "சரி, நீங்க நல்லா வேலை பாக்கறவங்க. ஒரு தடவை பாத்துடலாம். இதச் செஞ்சவங்க, இதுல இருக்கறவங்க, யாராவது உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

அது கேட்டே ஆக வேண்டிய கேள்வி. ஆமாம் என்றால் வேறு மேசைக்குப் போகும். அவ்வளவுதான், தலையை வாங்கிவிட மாட்டார்கள். ஆனால் ஆமாம் என்றால் அண்ணிக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அந்தக் கடைசி வரி யாருடையது என்று இந்தக் கூடத்துக்கே தெரியும்.

"இல்ல சார். யாரோ."

அவர் 'இல்லை' என்று பதிந்தார். கூடப்பிறந்தவனை யாரோ என்று சொன்ன வாய் இது. சொல்லும்போது நாக்கு பிசகவுமில்லை.

பூட்டு செயலியைத் திறந்தார், சத்தத்தை ஏற்றினார், பொத்தானை அமுக்கினார். கண்ணாடி அறைக்குள் என் அண்ணன் பேசினான்.

"என் குரல இந்தச் செயலியில வைக்க எனக்கு முழுச் சம்மதம். யாரும் மிரட்டல, யாரும் ஏமாத்தல. நாளைக்கு இது இருக்காது, அதனால இன்னைக்கே சொல்லிடறேன். ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்! குடுத்தாச்சு!"

அதோடு முடியவில்லை. பின்னால் ஒரு பெண் சிரித்தாள். "போதும்ணே, கத்தாத, நர்ஸ் வந்து எங்க ரெண்டு பேரையும் வெளிய தள்ளப் போறாங்க."

நான்தான் அது. ஆஸ்பத்திரி அறையில் அவனுக்குப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி போனை நீட்ட அவன் என்னவோ கத்தினான். ஞாபகத்துக்காக எடுக்கிறார்கள் என்று நினைத்தேன், வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. அன்றைக்கும் நான் கேட்கவில்லை.

பூட்டின் முகம் மலர்ந்தது. "ஆளோட சம்மதம் சரியாத்தான் இருக்கு. ஆனா பாத்தீங்களா, ரெண்டாவதா ஒரு பொம்பளைக் குரல் இருக்கே? யாரு அது? அவங்க சம்மதம் எங்க? அனுமதி இல்லாத மூணாம் ஆள். இது போதும் தள்றதுக்கு." விரல் விசைமேல் போனது.

"சார், அது என் குரல்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"நான்தான் சார் அது. அவர் என் அண்ணன். எனக்குச் சம்மதம். எழுதிக் குடுக்கறேன், இப்பவே பேசிப் பதிஞ்சும் தரேன்."

"இப்பத்தானே யாரோன்னு சொன்னீங்க?"

 கண்ணாடிக்கு வெளியே இரண்டு மூன்று தலைகள் நிமிர்ந்தன.

"முதல்லயே ஆமான்னு சொல்லியிருந்தா, பக்கத்து மேசைக்கு மாத்தி சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருப்பேம்மா" என்றார் பூட்டு. குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இப்ப நீங்க பொய் சொன்னது பதிவாயிடுச்சு. சொந்தக்காரங்க செயலிய உள்ள விடப் பாத்ததாத்தான் மேல எடுத்துப்பாங்க. விசாரணை முடியறவரைக்கும் இதச் செஞ்சவங்க கணக்குல ஒண்ணும் அசையாது."

"புதுசா ஒரு சோதனைப் பதிப்பு மட்டும்..."

"அதுவும்தான்."

என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வேலை போனால் போகிறது. புதன்கிழமைக்கு அப்புறம் அண்ணனுக்குக் குரல் கிடையாது, அதற்குக் காரணம் விதியுமில்லை, கம்பெனியுமில்லை, நான் சொன்ன ஒற்றை வார்த்தை. தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவர்கள் முகத்தைக்கூடப் பார்க்கக் கூசியது.

இரண்டு நாள் அந்த வீட்டுப் பக்கம் போகத் துணிவு வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் போனேன். அண்ணனும் அண்ணியும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் தட்டத் தட்ட போன் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தது, அண்ணி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். புகார்ப் பிரிவு பொய் என்பதையும், அந்தக் கடைசி வரியையும், சத்தம் அணைத்த போனையும், யாரோ என்று சொன்னதையும். பூசி மெழுகவில்லை, அந்த மட்டும் செய்தேன்.

அண்ணி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். அண்ணன் போனை எடுத்தான். ரொம்ப நேரம் தட்டினான். திட்டப் போகிறான், அந்தக் குரலில் நாலு திட்டு வாங்கினால்கூட எனக்குப் போதும் என்று காத்திருந்தேன்.

அவன் பக்கவாட்டிலிருந்த விசையை அமுக்கிச் சத்தத்தை அணைத்தான். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினான்.

'உனக்கு இப்படிப் பாத்துத்தானே பழக்கம்.'

"சத்தம் வச்சுத் திட்டுண்ணே. உன் கால்ல விழறேன், ஒரே ஒரு வார்த்தை" என்றேன்.

அவன் போனைத் திருப்பி மறுபடி தட்டினான். மறுபடி காட்டினான்.

'இன்னைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அது உன் அண்ணிக்கு.'

இரண்டு தரம் படித்தேன். அப்புறம் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவன் சத்தத்தைத் திரும்ப வைத்து, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான். படியில் உட்கார்ந்து, போனில் குரல் நிற்கும்வரை கேட்டேன்.