சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதருக்கு ஒரு பெருமை உண்டு. எந்த மெஷினும் தன்னிடம் பொய் சொல்லாது என்பார். மனிதர்கள் சொல்வதை மட்டும் தனக்கு வேண்டியபடி மடித்து வைத்துக்கொள்வார். "இனிமே மருந்து வேண்டாம், வீட்லயே வெச்சு நல்லா பாத்துக்கங்க" என்று அவர் மனைவியைப் பற்றி டாக்டர் சொன்னார். மருந்தே வேண்டாத அளவுக்கு அவள் தேறிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு வீடு திரும்பியவர் இவர். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு எடை பார்க்கும்போது மட்டும் அவர் பக்கத்தில் இருந்ததே இல்லை. நர்ஸ் அந்த மெஷினை இழுக்கும் சத்தம் கேட்டால் போதும், காரைப் பூட்டினேனா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று நழுவிவிடுவார். அத்தனை தடவை சரிபார்க்கப்பட்ட பூட்டு உலகத்தில் வேறு எந்தக் காருக்கும் இருந்திருக்காது.

வீட்டுக்குப் பின்னால் நீளமாகப் புல்வெளி. அதை வெட்ட ஒரு பழைய குட்டி டிராக்டர் ஷெட்டில் நின்றது. பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவள் வாங்கிப் போட்டது. பழுது பார்ப்பது அவர், ஓட்டுவது அவள் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அவர் ஓட்டினால் புல்வெளி மாடு மேய்ந்த மாதிரி இருக்கும். அவள் ஓட்டினால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். அவள் படுக்கையில் விழுந்த பிறகு டிராக்டரை யாரும் தொடவில்லை, புல் முழங்காலைத் தொட்டது.

ஒரு நாள் காலையில் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "வண்டியக் கொஞ்சம் ரெடி பண்ணுங்க. ஒரு தடவ நானே வெட்டிடறேன்."

'ஒரு தடவ' என்பது அவர் காதில் ஏறவில்லை. 'நானே' என்பது ஏறியது. அவள் டிராக்டரில் ஏறி உட்கார்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும்.

வேலையில் இறங்கினார். டாங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போய் வார்னிஷ் வாடை அடித்தது. அதைக் கொட்டினார். கார்புரேட்டரைக் கழற்றி, அடைத்துக்கிடந்த சின்னத் துளைகளை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். ஆயில் மாற்றினார், பிளக் மாற்றினார், பிளேடைக் கழற்றித் தீட்டினார். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் இருமிக்கொண்டு கிளம்பி, பிறகு சீராக ஓடியது. தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவளைக் கூப்பிட்டார். சுவரைப் பிடித்தபடி வந்தாள், அவர் கைகொடுக்க ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பினாள், கிளம்பியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள், பட்டென்று அணைந்தது.

"கால மெதுவா எடும்மா."

"எனக்கா சொல்றீங்க?" என்றாள் வேன் ஓட்டியவள். இத்தனை நாளில் அவள் முகத்தில் கோபம் வந்தது அன்றைக்குத்தான். அவருக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது.

மறுபடியும் மெதுவாக எடுத்தாள். மறுபடியும் அணைந்தது. அவர் ஏறினார், ஓடியது. இறங்கி அவளை ஏற்றினார், அணைந்தது.

அன்றிலிருந்து அவருக்குப் பித்துப் பிடித்துப்போயிற்று. ஃபில்டரை மாற்றினார். சாவி போடும் இடத்தைப் பிரித்து மேய்ந்தார். வயர்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தார். ஷெட்டிலேயே குடியிருந்தார். எதையாவது மாற்றிவிட்டு அவளைக் கூப்பிடுவார், அவள் வந்து ஏறுவாள், வண்டி அணையும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பாள். ஒவ்வொரு தடவையும் ஷெட்டுக்கு வர அவளுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, அவர் கண் கார்புரேட்டர் மேல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி வந்தான். பேக்கரி வைத்திருக்கிறவன், தன் சரக்குக்குத் தானே முதல் வாடிக்கையாளன், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். வாயும் உடம்புக்குச் சளைத்ததில்லை.

"என்ன மாமா, வண்டி அக்காவுக்கு மட்டும் மக்கர் பண்ணுதாமே? உங்கள மாதிரியே இருக்கு."

"நீ ஏறு மாப்ள. வயர் எங்க சூடாகுதுன்னு நான் பாக்கறேன்."

தம்பி ஏறினான். சீட்டின் ஸ்பிரிங் முனகியது. பிரேக்கை விட்டான், வண்டி நகர்ந்தது. பிளேடையும் ஓடவிட்டான். ஷெட்டே அதிர்ந்தது, இன்ஜின் மட்டும் அணையவில்லை.

"வண்டிக்கு ஒரு கோளாறும் இல்ல மாமா. அக்கா, நீ ஏறு பாப்போம்."

அவள் ஏறினாள். அணைந்தது.

தம்பி குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தான். "இங்க என்னமோ சுவிட்ச் மாதிரி இருக்கே?"

"அது ஆள் உக்காந்திருக்காங்களான்னு பாக்கறதுக்கு. ஓட்டறவங்க கீழ விழுந்துட்டா பிளேடு சுத்தக் கூடாதுல்ல. யாரும் இல்லன்னா தானா அணைஞ்சிரும்."

"அப்படின்னா அக்கா, நீ கொஞ்சம் அழுத்தி உக்காரு" என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லிஃப்ட் மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். பாரம் கூடிப்போனதால் நின்றுவிட்ட லிஃப்டுகளை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர். பாரம் போதாமல் ஒரு மெஷின் நின்று அவர் பார்த்ததில்லை. எந்த எண்ணைக் காதில் வாங்காமல் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தாரோ, அதை அவருடைய ஷெட்டிலேயே, அவர் கையால் சுத்தம் செய்த வண்டியே சொல்லிவிட்டது. அவள் உட்கார்ந்திருக்கிறாள், சீட்டில் யாரும் இல்லை என்கிறது.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"மொத நாளே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க பாட்டுக்கு ஏதோ ஆசையா கழட்டி மாட்டிட்டு இருந்தீங்க. எப்படிங்க சொல்றது?" என்றாள்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். பேக்கரியில் வேலை இருப்பதாக முணுமுணுத்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் கடைக்கு விடுமுறை.

சீட்டில் ஒரு மண்மூட்டையைக் கட்டிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. அவளையும் மூட்டையையும் ஒன்றாக உட்காரவைத்துப் பார்க்க மனம் ஒப்பவில்லை. சுவிட்சிலிருந்து வயரைப் பிடுங்கினார். இரண்டு முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து முறுக்கி டேப் சுற்றினார். வேலை பார்த்த காலத்தில் பாதுகாப்பு சுவிட்சில் எவனாவது இப்படிக் கை வைத்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

இந்தத் தடவை வண்டி அணையவில்லை. அவள் புல்வெளிக்கு ஓட்டிப்போனாள். அவர் ஒரு கையைச் சாவியில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். அவள் விழுந்தால் நிறுத்துவதற்கு இப்போது அவரை விட்டால் வேறு எதுவும் இல்லை.

"கூடவே நடந்து வரப் போறீங்களா?"

"ஆமா."

"வேன்லகூட எவனும் என்னை இப்படி நம்பாம வந்ததில்ல" என்றாள். சிரித்தாள்.

வேலிவரை போன முதல் வரிசை அச்சு அசலாக நேர்க்கோடு. தன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் அற்பமாக நம்பினார்.

வேலியோரம் திரும்ப வேண்டும். ஸ்டீயரிங்கை வளைத்தாள். பாதி வளைந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள், அதற்கு மேல் அவளால் ஆகவில்லை. பிரேக்கை மிதித்தாள், பிளேடை நிறுத்தினாள். பிரேக் பூட்டையும் மறக்காமல் போட்டாள்.

"போதுங்க" என்றாள்.

"நான் திருப்பித் தர்றேன், நீ நேரா ஓட்டு."

"போதும். என்னை எறக்குங்க."

முதுகுக்கும் முழங்காலுக்கும் அடியில் கைகொடுத்துத் தூக்கினார். கனம் இருக்கும் என்று பழக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தார். அது தேவைப்படவே இல்லை. அவள் அவர் கையோடு வந்துவிட்டாள்.

அவருக்குப் பின்னால் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் எழுந்து போனதை அதற்குச் சொல்ல இப்போது ஒன்றும் இல்லை.

"அத அணைச்சிட்டு வாங்க. பெட்ரோல் வீணாப் போகுது."

அணைக்க வேண்டுமானால் ஒரு கை வேண்டும். அதற்கு அவளைக் கீழே இறக்கிவிட வேண்டும். "போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் அப்படியே நின்றார்.