முதல் கவளம்

"முதல் கவளம்தான் முக்கியம். சாதம் கொதிக்கக் கொதிக்க இருக்கணும். நெய்யை உருக்கி விட்டு, மூணு விரலால சூரணத்தை எடுத்துப் போட்டுப் பிசைஞ்சு, பசி எடுத்த உடனே சாப்பிடணும். நேரம் தப்பப்படாது. புரிஞ்சுதா?"

கூடத்தில் என் மாமனார் ராமஸ்வாமி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். சமையல் உள்ளில் நான் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். மணி இரண்டாகப் போகிறது. காலையில் குடித்த அரை டம்ளர் காப்பியோடு சரி. அப்போதுதான் வடித்த சாதம் வெண்கலப் பானையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதைத் தொட எனக்கு அனுமதி இல்லை. மாமனார் பெருமாளுக்குப் படைத்து அம்சை பண்ண வேண்டும், அப்புறம் அவர் சாப்பிட வேண்டும், அப்புறம்தான் நான். அவரோ கோயில் கைங்கர்யம் முடிந்து வந்ததும் வராததுமாக, வாசலில் காத்திருப்பவர்களிடம் உட்கார்ந்துவிடுவார். ஊரெல்லாம் அவருக்குச் சூரணம் சாமி என்று பெயர். "கோயில்ல இருக்கற வீரராகவப் பெருமாள்தான் வைத்தியன், நான் அவனுக்குக் கம்பவுண்டர்" என்று அவர் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அந்த அஷ்ட சூரணத்தை இடிக்கிறவள் நான். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம். எட்டையும் தனித்தனியாக வறுத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுக்க வேண்டும். திருப்பியும் இடித்துத் திருப்பியும் சலிக்க வேண்டும். மிளகும் சுக்கும் மூக்கில் ஏறித் தும்மித் தும்மிக் கண் சிவந்துபோகும். அமாவாசை வந்தால் போச்சு. கோயில் குளத்தில் முழுகி, நோய் கரையட்டும் என்று வெல்லம் கரைக்க வருகிற கூட்டத்தில் பாதி எங்கள் வாசலுக்கு வந்துவிடும். அத்தனை பேருக்கும் பொட்டலம் மடித்து, மாமனாருக்குப் பரிமாறி, அவர் கையலம்பிய பிறகு இலையெடுத்து எச்சில் இட்டு, நான் உட்காரும்போது மூன்றரை ஆகியிருக்கும். சாதம் விறைத்துப் போயிருக்கும். நெய்க்கிண்ணியில் நெய் வாசனை மட்டும் இருக்கும்.

வயிறு எரிகிறது என்று போன ஆவணியில்தான் முதலில் சொன்னேன். "வாயு" என்றார் மாமனார். சூரணத்தை மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கச் சொன்னார். குடித்தேன். நெஞ்சிலிருந்து தொப்புள்வரை மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் இருந்தது. மறுபடி சொன்னேன். "உள்ள இருக்கற வாயு கலையறது. கலையும்போது அப்படித்தான் இருக்கும்" என்றார். என் அகத்துக்காரர் சடகோபன் ஆவடித் தொழிற்சாலையில் குமாஸ்தா. அவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லேன், சூரணம் குடுப்பாரே" என்றார்! இடிக்கிறவளிடமே! அவர் கேன்டீனில் பன்னிரண்டரைக்கெல்லாம் ஆவி பறக்கச் சாப்பிட்டுவிடுகிறார். அந்தச் சாதத்தை எந்தப் பெருமாளுக்கும் யாரும் அம்சை பண்ணவில்லை. அதற்குத் தோஷம் கிடையாதாம், வெளியில் போகிற ஆண்பிள்ளையாம். நல்ல சாஸ்திரம்.

நான் அம்மா என்று கூப்பிட்ட என் மாமியார் அலர்மேல்மங்கை இதே சமையல் உள்ளில்தான் இருந்து, இதே உரலில்தான் இடித்து, இதே மூன்றரை மணிக்குத்தான் சாப்பிட்டார். கல்யாணமாகி நான் வந்த புதிதில் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவர் கொல்லைப்பக்கம் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கிணற்றடியில் ரத்தமாக வாந்தி எடுத்தார். அந்த மார்கழியைத் தாண்டவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் "வாயு மாரை அடைச்சுடுத்து" என்றார் மாமனார். நேற்றுக் காலையில் அதே கிணற்றடியில் நான் துப்பியதில் காப்பிப்பொடி நிறத்தில் ஏதோ இருந்தது. தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டேன். யாரிடம் சொல்ல? சொன்னால் இன்னும் ஒரு பொட்டலம் வரும்.

கூடத்தில் பேச்சு மாறியது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த புருஷன் பெண்சாதி. நேற்று அமாவாசைக்கு வந்து கோயில் வாசலிலேயே படுத்திருந்தவர்கள். அவன் பெயர் சடையப்பன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். நெல் விளைகிற கழனி இருக்கிறதாம். அவள் கெங்கம்மாள். என் வயதுதான் இருக்கும். கையை மடித்து வயிற்றில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை மணிக்கும்மா சாப்பிடறே?" என்று கேட்டார் மாமனார்.

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன்தான் பதில் சொன்னான். "கழனிலேர்ந்து நாங்க வந்து துன்ன பொறவுதான் சாமி அது துன்னும். எங்க நைனா இருக்காரு, தம்பிங்க கீறாங்க. மூணோ நாலோ ஆவும். வயக்கம் அப்டி."

"வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது!" மாமனார் தொடையில் அடித்துக்கொண்டார். "யோவ், மனுஷனாய்யா நீ? பசிச்ச வேளைக்குச் சாதம் போடாம சூரணத்தைக் குடுத்தா அது என்னய்யா பண்ணும்? குடலைத்தான் அரிக்கும்! ஆம்பளைகளுக்கு முன்னால அவ ரெண்டு வாய் சாப்ட்டா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? கொல்லப் பார்க்கறியா அவளை?"

சடையப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "இன்னா சாமி பண்றது" என்று முனகினான்.

அப்படியானால் இவருக்குத் தெரியும்! தெரியாமல் இல்லை. அரிக்கும் என்று தெரியும், கொல்லும் என்று தெரியும், யார் யாரைக் கொல்கிறார்கள் என்பதும் தெரியும். பள்ளிப்பட்டில் நடந்தால் தெரிகிறது. பத்தடி தள்ளி, தன் வீட்டுச் சமையல் உள்ளில் நடந்தால் அது வாயு. மாமியார் வாயில் அடைத்துக்கொண்ட தலைப்பு ஞாபகம் வந்தது. பாவி, இவ்வளவு நாள் தெரிந்துகொண்டே சாப்பிட்டாயா என்று வாய்வரை வந்துவிட்டது. வயிற்றெரிச்சலும் கோபமும் ஒரே இடத்திலிருந்துதான் கிளம்பின.

எழுந்தேன். இரண்டு இலை எடுத்தேன். அந்நியர் இருக்கும்போது கூடத்துக்கு வந்தறியாதவள், நேராகப் போய் நடுக்கூடத்தில் தண்ணீர் தெளித்து இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.

"என்ன வல்லி?" என்றார் மாமனார்.

உள்ளே போய் வெண்கலப் பானையைப் புடவைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன். அவருடைய நெய்க்கிண்ணியையும் கொண்டு வந்தேன். பானையைத் திறந்ததும் ஆவி குப்பென்று கூடம் முழுக்கப் பரவியது.

"இன்னும் பெருமாளுக்கே ஆகலையேடீ!"

"பெருமாள் காத்துண்டிருப்பார் மாமா. அவருக்கு வயத்துல புண்ணு இல்லை."

"பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"பைத்தியம் இல்லை. வாயு. தலைக்கு ஏறிடுத்து."

சடையப்பன் எழுந்து சுவரோடு ஒண்டிக்கொண்டான். நான் இரண்டு இலையிலும் சாதத்தைப் போட்டேன், நெய்யை விட்டேன். மாமனார் கையில் திறந்த சூரண டப்பா இருந்தது. அவரைக் கேட்காமல் அதில் கையை விட்டு, மூன்று விரலால் எடுத்து, இரண்டு இலையிலும் தூவினேன். பெருங்காய வாசனை எழும்பியது. நான் இடித்தது, எனக்குத் தெரியாத வாசனையா? ஆனால் சுடு சாதத்தில் அது இப்படி மணக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"வாம்மா, உக்காரு" என்றேன் கெங்கம்மாளிடம்.

"வேணாம்மா. நான் போய் ஐயருமாரு ஊட்ல... சாமி கோச்சிக்கும்."

"சாமிதானே இப்ப சொன்னார், பசிச்ச உடனே சாப்பிடணும்னு? அம்மாவுக்குச் சொல்லாததை, எனக்குச் சொல்லாததை, உனக்குச் சொன்னார். உக்காரு. சாதம் ஆறிடப் போறது."

நான் உட்கார்ந்தேன். அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் மாமனாரைப் பார்த்தான். மாமனார் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா" என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும், மூடியைத் திருகப் பார்த்த கை திருகாமல் அப்படியே இருந்தது. கெங்கம்மாள் மெல்ல வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, இன்னொரு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சாதத்தில் கையை வைத்தோம். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையை உதறிக்கொண்டோம்.

"சுடுதும்மா" என்றாள் அவள், விரலை ஊதிக்கொண்டே.

"ஆமா" என்றேன். என் விரல் நுனி சிவந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடியும் கையை வைத்தேன்.