விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் வேண்டாம், நல்ல பெயர்தான் வேண்டும். ஆனைவிளையில் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். செத்தாலும் மானத்தோடு சாவார்கள். அதையும் நாலு பேர் பார்த்து மெச்சும்படி சாவார்கள்.

உடன்குடிக்குத் தெற்கே, தேரி மணலை ஒட்டிய ஊர் எங்களுடையது. எங்கே போர் போட்டாலும் உப்புத்தண்ணீர்தான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதைக் குடித்துக் குடித்து என் வீட்டுக்காரர் கிருபைராஜுக்கு இரண்டு தடவை கிட்னியில் கல் எடுத்தாயிற்று. இன்னொரு தடவை வந்தால் கிட்னியே தங்காது என்று பாளையங்கோட்டை டாக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் அவர் குடிக்க மட்டும் கேன் தண்ணீர் வாங்குகிறோம். வேன் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். எனக்கும் பிள்ளைகளுக்கும் போர்த் தண்ணீர்தான்.

இந்த நிலையில்தான் தாமிரபரணித் தண்ணீர் எங்கள் பக்கம் வரப்போகிறது என்றார்கள். ஆனால் இருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு கிளைக்குழாய்தான் போட முடியுமாம். ஆனைவிளைக்கா, பக்கத்து ஊரான காட்டுவிளைக்கா? இரண்டு ஊர்த் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துப் போய்ச் சோதித்தார்கள். இரண்டும் ஒரே லட்சணம். அதனால் திருநெல்வேலியிலிருந்து ஒரு என்ஜினீயர் நேரில் வந்து, எந்த ஊருக்கு அவசரம், எந்த ஊர் பொறுக்கலாம் என்று பார்த்துச் சொல்வாராம். தண்ணீரைப் பார்த்துத் தெரியாதது எங்கள் மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. படித்தவர்கள் வேலை செய்கிற அழகு அப்படி.

அவர் வருவதற்கு முந்தின நாள் பஞ்சாயத்துத் தலைவர் அப்பாத்துரை அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ரீபா, ஒங்க வீட்டு கேன் தண்ணிய எடு. நாளைக்கு ஸாருக்குக் கருப்பட்டிக் காப்பி போடணும்."

"போர்த் தண்ணியில போடுங்க அண்ணாச்சி. குடிச்சிப் பாக்கட்டும். அதுக்குத்தான வாராவ."

"வீடு தேடி வந்த மனுசனுக்கு உப்புத்தண்ணியா குடுப்பாவ? வெளங்காத பேச்சுல்லா பேசுத."

நான் மறுபடி வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரரே கேனைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வராது. கல் மட்டும் வரும்.

என்ஜினீயர் பெயர் சுந்தர்ராமன். சர்ச் முன்னால் பந்தல் போட்டு உட்கார வைத்தார்கள். தம்ளரைக்கூடக் கேன் தண்ணீரில்தான் கழுவினார்கள். அவர் காப்பியைக் குடித்துவிட்டு, ஆழ்வார்திருநகரியில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த கதையைச் சொன்னார். "இப்படியொரு காப்பி திருநெல்வேலியில கெடைக்காது" என்றார். ஊரே பல்லைக் காட்டியது. குறை சொல்வதற்காகக் கூடிய கூட்டம் கருப்பட்டியின் பக்குவத்தை விளக்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு தம்ளர் போர்த் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"ஸார், நாங்க குடிக்கிறது இதான்."

அப்பாத்துரை அண்ணாச்சி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். என்ஜினீயர் ஒரு வாய் குடித்தார். பிறகு மிச்சத்தையும் முகம் கோணாமல் குடித்து, தம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு."

ஊருக்கு உயிர் வந்தது. நான் விடவில்லை, அவர் காரை நோக்கிப் போனபோது பின்னாலேயே போனேன். பனைமர மறைவில் அவர் தன் பாட்டில் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்குன்னியள ஸார்."

அவர் நெளிந்தார். "ஒருத்தர் கையால குடுத்ததக் குத்தம் சொல்லி எனக்குப் பழக்கமில்லம்மா."

"எங்ககிட்டச் சொல்லாண்டாம். மேலிடத்துல சொல்லுங்க. எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு தடவ கல் எடுத்தாச்சி. இன்னொரு தடவ தாங்க மாட்டாவ."

"கண்டிப்பா சொல்றேன்" என்றார். நல்ல மனுசன்தான். அந்த நல்லதனத்தை வைத்து நாக்கைக்கூட நனைக்க முடியாது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் அவர் காட்டுவிளைக்குப் போனார். அங்கே காப்பியும் இல்லை, நாற்காலியும் இல்லை. பெண்கள் காலிக் குடங்களைக் கார் முன்னால் அடுக்கி, வழிவிட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். சட்டையைப் பிடிக்காத குறையாம். வளர்ப்பு சரியில்லாத சனம் என்று எங்கள் ஊரில் ஒரு வாரம் சிரித்தார்கள்.

குழாய் காட்டுவிளைக்குப் போனது.

அந்தச் செய்தியை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது அப்பாத்துரை அண்ணாச்சி சொன்னார். பரிசு வாங்கியவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். "ஸாரு மேலிடத்துல நம்மளப் பத்தி ரொம்ப ஒசத்தியாச் சொல்லிருக்காவ. ஆனைவிளை சனங்க தன்மையானவங்க, அடுத்த திட்டம் வார வரைக்கும் பொறுத்துக்கிடுவாங்கன்னு."

தலைகள் பெருமையாக ஆடின. என் வீட்டுக்காரர் தலையும் சேர்ந்து ஆடியது.

காட்டுவிளைக்குப் போகிற குழாய் எங்கள் தெரு வழியாகத்தான் போகவேண்டும். பள்ளம் தோண்ட ஆட்கள் வந்து இறங்கியதும் அண்ணாச்சி எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். வெயிலில் வந்திருக்கிறார்கள், காப்பி போடவேண்டுமாம். நான் கேனுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"இது அவரு குடிக்கிற தண்ணி அண்ணாச்சி. வேன் வர இன்னும் நாலு நாளு கெடக்கு."

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் கட்டிலிலிருந்து எழுந்து வந்து என்னை ஒதுக்கிவிட்டுக் கேனைத் தூக்கினார். இன்னொரு கை விலாவை அழுத்திப் பிடித்திருந்தது. விடிந்ததிலிருந்து அந்தக் கை அங்கேயேதான் இருக்கிறது.

"வலிக்கில்லா ஒங்களுக்கு?"

"பையப் பேசு, அண்ணாச்சி காதுல விழுந்துரப்போவுது" என்றார். "வந்தவங்களுக்கு உப்புத்தண்ணியா குடுக்க முடியும்?"

கேனைச் சுமந்துகொண்டு அவர் படியிறங்கிப் போனார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பையைப் பரணிலிருந்து இறக்கி வாசலில் வைத்தேன்.